கண்ணாடியில் எழுதிய உரை

தமிழ் மரபில் மூலம் என்று ஒன்று உண்டு. உரை என்று ஒன்று உண்டு. மூலம் எவ்வளவு உயர்ந்ததாயினும், காலம் செல்லச் செல்ல அதன் வாய் மெல்ல மூடிக்கொள்கிறது. உரையாசிரியர் வந்து, இச்சொல்லுக்கு இது பொருள், இவ்வடி அவ்வடியோடு இயையும், இவ்விடத்தில் ஏடு சிதைந்துள்ளது என்று ஒவ்வொன்றாகக் காட்டிய பிறகே அது மீண்டும் பேசத் தொடங்குகிறது. ஆயினும் புகழ் பெரும்பாலும் மூலத்தோடு போய்விடுகிறது. சில உரைகளுக்கு எழுதியவர் பெயரும் தெரியாமல் ‘பழைய உரை’ என்னும் பொதுப்பெயரே நின்றுவிட்டது.

வானமும் ஒரு மூலம்தான். எல்லோர் கண்ணிலும் படுவது, எளிதில் பொருள்படாதது. அம்மூலத்துக்கு உரை எழுதிய சிலரைப் பற்றியதே இப்பேச்சு. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வானாய்வகம் 1839இல் தோன்றியது. விண்மீன்கள் எவற்றால் ஆனவை, விண்மீன் திரள்கள் எவ்வளவு தொலைவில் உள்ளன, பிற விண்மீன்களைக் கோள்கள் சுற்றுகின்றனவா என்னும் மூன்று பெருவினாக்களின் வரலாற்றிலும் இவ்வொரு நிறுவனத்துக்கு இடம் உண்டு. முதலிரு வினாக்களுக்கான விடைக்கு வழி திறந்தவர்கள், பகல் வெளிச்சத்தில், மேசைமுன் அமர்ந்து, கண்ணாடித் தகடுகளைப் படித்த பெண்கள். படித்தார்கள் என்னும் சொல் இங்கு அணிநயம் கருதிச் சொல்லப்படவில்லை. அவர்கள் செய்தது படிப்பு. விட்டுச் சென்றது உரை. இலக்கிய அரங்கில் வானியலுக்கு என்ன வேலை என்று வினவுவோருக்கு இதுவே விடை.

தகடும் கண்ணும்

எட்வர்டு சார்லஸ் பிக்கரிங் 1877 முதல் 1919 வரை அவ்வானாய்வகத்தின் இயக்குநராக இருந்தார். கண்ணால் கண்டு கையால் குறிக்கும் பழைய முறையை விட்டு, வானத்தை ஒளிப்படமாகப் பிடித்து வைக்க வேண்டும் என்பது அவர் முனைப்பு. வடவானத்தைக் கேம்பிரிட்ஜிலும், தென்வானத்தைப் பெரு நாட்டின் அரெகிப்பா நகருக்கருகே நிறுவிய நிலையத்திலும் இரவுதோறும் படமெடுத்தனர். அரெகிப்பாவின் தகடுகள் மரப்பெட்டிகளில் கப்பலேறி வந்து சேர்ந்தன. இவ்வாறு சேர்ந்த தகடுகள் பிற்காலத்தில் ஐந்து லட்சத்தைக் கடந்தன.

தகடு என்பது ஒரு பக்கம் வெள்ளி உப்புக்கலவை பூசிய கண்ணாடி. அதில் வானம் தலைகீழாகப் பதியும்: இருள் வெளுப்பாகவும் விண்மீன் கரும்புள்ளியாகவும் தெரியும். தொலைநோக்கியின் முகப்பில் முப்பட்டகக் கண்ணாடியைப் பொருத்திவிட்டால், புள்ளிக்கு மாறாக ஒவ்வொரு விண்மீனும் சிறு கோடாக நீண்டு, குறுக்கே மெல்லிய வரிகளோடு பதியும். அதுவே அவ்விண்மீனின் நிறமாலை. சன்னலருகே சாய்ந்த சட்டத்தில் தகட்டை நிறுத்தி, கீழே கண்ணாடி வைத்து ஒளியை மேலே திருப்பி, உருப்பெருக்கியால் ஒருவர் பார்த்துச் சொல்வார். மற்றொருவர் குறிப்பேட்டில் எழுதுவார். பூச்சில்லாத பக்கத்தில் மையால் வட்டமிடுவர், எண்ணிடுவர், அம்புக்குறி வரைவர். ஒரு பக்கம் வானம் எழுதிய மூலம். மறுபக்கம் பெண்கள் எழுதிய உரை. இரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடியின் தடிப்பே இடைவெளி.

இப்பெண்களுக்கு அலுவலகம் இட்ட பெயர் ‘கம்ப்யூட்டர்’. இன்று ஒரு பொறிக்கு உரியதாகிவிட்ட அப்பெயர் அன்று கணக்கிடும் மனிதரைக் குறித்தது. வாரத்தில் ஆறு நாள் வேலை. மணிக்கு ஏறத்தாழ 25 சென்ட் கூலி. அதே பணத்துக்கு ஆண் உதவியாளரைப் பிடிப்பது அரிது என்பதால் பிக்கரிங் பெண்களை நாடினார் என்பது உண்மை. வேறெந்தப் பெரிய வானாய்வகமும் இவ்வளவு பெண்களுக்குக் கதவைத் திறக்காத நாளில் அவர் திறந்தார் என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால் வரலாறு ஒருதலைப்பட்டுவிடும். அவர் கேட்டது பார்வை. பொருள் காணும் உரிமையை அவர் எளிதில் தரவில்லை. எழுதுகூலிக்கு ஏடு படியெடுக்க அமர்த்தப்பட்டவர், படியெடுக்கும்போதே பொருளும் கண்டுவிட்டால் என்ன ஆகும்? ஹார்வர்டில் நிகழ்ந்தது அதுதான்.

வரிசைப்படுத்திய மூவர்

வில்லியமினா ஃப்ளெமிங் ஸ்காட்லாந்தில் டண்டீ நகரில் 1857இல் பிறந்தவர். கணவரால் கைவிடப்பட்டுக் கருவுற்ற நிலையில் பிக்கரிங்கின் இல்லத்தில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். 1881இல் வானாய்வகத்தின் நிலையான பணியாளரானார். 1890இல் வெளிவந்த பட்டியலில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை நிறமாலை வழி வகைப்படுத்தியது பெரும்பாலும் அவர் உழைப்பே. ஓரியன் பகுதியில் குதிரைத் தலை போலத் தோன்றும் கரிய முகிலை 1888இல் எடுத்த தகடொன்றில் முதலில் கண்டவரும் அவரே. ஆனால் பின்னர் வெளிவந்த புகழ்பெற்ற வான்பொருள் அட்டவணை, ஹார்வர்டின் கண்டுபிடிப்புகளுக்குப் பிக்கரிங் பெயரையே இட்டது. ஃப்ளெமிங் பெயர் விடுபட்டது. 1899இல் வானியல் ஒளிப்படங்களின் காப்பாளர் என்னும் பதவி பெற்று, ஹார்வர்டில் பதவிப் பெயர் பெற்ற முதற் பெண்மணியானார். 1900இல் அவர் எழுதிய நாட்குறிப்பில் தம் ஆண்டு ஊதியம் 1500 டாலர் என்றும், ஆண் உதவியாளர் சிலருக்கு 2500 டாலர் என்றும் ஒப்பிட்டு வருந்தியிருக்கிறார். விண்மீன்களின் ஒளியை ஒப்பிட்டுப் பழகிய கண் இதையும் ஒப்பிட்டதில் வியப்பில்லை.

இரண்டாமவர் அன்டோனியா மோரி. அவருக்கு விரைவு பிடிக்காது. பிக்கரிங் எண்ணிக்கை கேட்டார். மோரி ஒவ்வொரு நிறமாலையிலும் வரிகளின் அகலத்தையும் கூர்மையையும் நின்று நோக்கினார். சில விண்மீன்களில் அவ்வரிகள் வழக்கத்துக்கு மாறாக மெலிந்து கூர்மையாக இருந்தன. ஏன் என்று அவருக்குத் தெரியாது. தெரியாததால் விட்டுவிடவில்லை, ‘சி’ என்னும் எழுத்தால் அவற்றைக் குறித்து வைத்தார். இயக்குநருக்கு இது வீண் நுணுக்கமாகப் பட்டது. மனவேற்றுமை முற்றி, மோரி இடையிடையே பணியைவிட்டு விலகினார். தம் உழைப்பு தம் பெயராலேயே வெளிவர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். 1897இல் வெளிவந்த தொகுதியின் தலைப்பில் அவர் பெயர் இடம்பெற்றது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹெர்ட்ஸ்ப்ருங் அதைப் படித்து, ‘சி’ குறி பெற்றவை ஒளியாற்றல் மிகுந்த பெருவிண்மீன்கள் என்று உணர்ந்தார். ஒரே நிறம் காட்டும் விண்மீன்களிலும் பேருருவும் சிற்றுருவும் உண்டு என்னும் அறிவு அவ்வாறு வலுப்பெற்றது. மோரியின் வகைப்பாட்டைக் கைவிட்டது தவறு என்று அவர் 1908இல் பிக்கரிங்குக்கு எழுதினார்.

மூன்றாமவர் ஆனி ஜம்ப் கேனன், 1896இல் சேர்ந்தவர், செவித்திறன் பெரிதும் குன்றியவர். ஃப்ளெமிங் வகுத்த எழுத்து வகைகள் பலவற்றை நீக்கி, எஞ்சியவற்றின் வரிசையை மாற்றினார். ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்னும் அந்த முறைமாறிய நெடுங்கணக்கு, வெம்மை மிகுந்த நீல விண்மீனில் தொடங்கி வெம்மை குறைந்த செவ்விண்மீனில் முடிகிறது. உலக வானியலார் அதனை 1922இல் ஏற்றனர்; இன்றும் அதுவே வழக்கு. பழக்கம் கைவந்த நாளில் ஒரு நிமிடத்துக்கு மூன்று விண்மீன்களை அவர் வகைப்படுத்தினார் என்பர். 1918 முதல் 1924 வரை ஒன்பது தொகுதிகளாக வெளிவந்த ஹென்றி டிரேப்பர் பட்டியலில் 2,25,300 விண்மீன்கள் உள்ளன. வாழ்நாளில் அவர் வகைப்படுத்தியவை ஏறத்தாழ மூன்றரை லட்சம். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 1925இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. சொந்தப் பல்கலைக்கழகம் முறையான பதவி தந்தது 1938இல். அப்போது அவருக்கு அகவை எழுபத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஓர் அளவுகோல்

ஹென்ரியட்டா ஸ்வான் லெவிட் என்னும் பெண்மணிக்கு ஒப்படைக்கப்பட்ட பணி மாறொளி விண்மீன்களைத் தேடுவது. ஒளி கூடியும் குறைந்தும் மாறிக்கொண்டிருப்பவை அவை. ஓர் இரவின் தகட்டை, வேறோர் இரவின் தகட்டிலிருந்து எடுத்த நேர்ப்படியின்மேல் பொருத்திப் பார்த்தால், மாறாத விண்மீன்கள் ஒன்றையொன்று மறைக்கும். மாறியவை விளிம்பு காட்டும். இரண்டு சுவடிகளை அருகருகே வைத்துப் பாடவேறுபாடு காணும் பதிப்பாசிரியரின் வேலைதான் இது. மணிக்கு 30 சென்ட் கூலிக்கு, செவிப்புலன் குன்றிய நிலையில், நோயால் அடிக்கடி தடைப்பட்டும், அவர் 2400 மாறொளி விண்மீன்களைக் கண்டார். அந்நாளில் அறியப்பட்டிருந்தவற்றில் ஏறத்தாழப் பாதி அது.

தென்வானில் மெகல்லன் முகில்கள் என்று இரண்டு வெண்படலங்கள் தெரியும். அவற்றில் 1777 மாறொளி விண்மீன்களைத் தொகுத்து லெவிட் 1908இல் வெளியிட்டார். பதினாறு விண்மீன்களுக்கு மட்டும் ஒளிமாற்றத்தின் காலஅளவைக் கணிக்க முடிந்தது. ஒளி மிகுந்தவை நீண்ட காலஅளவு கொண்டுள்ளன என்பது கவனிக்கத் தக்கது என்ற பொருளில் அங்கே ஒரு வாக்கியம் எழுதினார். முழக்கமில்லை, முடிவுரையில்லை. 1912இல் 25 விண்மீன்களைக் கொண்டு அதே உறவை உறுதிப்படுத்தினார். ஒன்றேகால் நாளில் ஒளிமாறும் விண்மீன் முதல் 127 நாளில் மாறும் விண்மீன் வரை அனைத்தும் ஒரே ஒழுங்கில் அமைந்தன. மூன்று பக்கமே கொண்ட அவ்வறிக்கையின் கீழ்க் கையொப்பம் பிக்கரிங்குடையது. செல்வி லெவிட் ஆயத்தம் செய்தது என்ற குறிப்பு முதல் வாக்கியத்தில் உள்ளது.

இவ்வொழுங்கின் அருமையை ஓர் எளிய காட்சியால் விளக்கலாம். இரவில் தொலைவிலுள்ள மலையூரில் விளக்குகள் தெரிகின்றன. அவை அனைத்தும் பார்ப்பவருக்கு ஏறத்தாழச் சமதொலைவில் இருப்பதால், அங்கே மங்கலாகத் தெரிவது உண்மையிலேயே சிறு விளக்கு. பளிச்செனத் தெரிவது பெரிய விளக்கு. சிறிய மெகல்லன் முகில் அத்தகைய மலையூர். ஒளிமாற்றத்தின் காலஅளவே விண்மீனின் உண்மை ஒளியைச் சொல்லிவிடும் என்பது அங்கே தெளிந்தது. பிறகு வானின் வேறெந்த மூலையில் அவ்வகை விண்மீனைக் கண்டாலும், காலஅளவைக் கணித்து, உண்மை ஒளியை அறிந்து, தோற்ற ஒளியோடு ஒப்பிட்டுத் தொலைவைச் சொல்லலாம். அருகிலுள்ள சில விண்மீன்களின் தொலைவைக் கொண்டு அளவுகோலுக்கு அலகு குறிக்க வேண்டியிருந்தது. ஹெர்ட்ஸ்ப்ருங் 1913இல் அதைத் தொடங்கினார். லெவிட்டுக்கோ வேறு பணிகள் இடப்பட்டன. தாம் கண்ட அளவுகோலைத் தாமே நீட்டிப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. 1921 டிசம்பரில் புற்றுநோயால் மறைந்தார்.

அடுத்து நிகழ்ந்தவை நாடகத்துக்கு உரியவை. அவ்வளவுகோலைக் கொண்டு நம் பால்வீதியின் பரப்பை அளந்தவர் ஹார்லோ ஷேப்லி. கதிரவன் அதன் நடுவில் இல்லை என்று காட்டியவர். பால்வீதியே முழு அண்டம் என்பது அவர் கொள்கை; 1920இல் வாஷிங்டனில் நடந்த புகழ்பெற்ற விவாதத்தில் அதற்காக வாதிட்டார். 1921இல் ஹார்வர்டு வானாய்வகத்தின் இயக்குநராகவும் ஆனார். 1923 அக்டோபரில் எட்வின் ஹபிள், கலிபோர்னியாவின் வில்சன் மலையில், ஆந்திரோமேடா படலத்தில் லெவிட் வகை விண்மீன் ஒன்றைக் கண்டார். அதன் காலஅளவு ஏறத்தாழ 31 நாள். கணக்கு, பல லட்சம் ஒளியாண்டுத் தொலைவைக் காட்டியது. ஆந்திரோமேடா நம் பால்வீதிக்குள் இல்லை. அதுவே தனியொரு விண்மீன் திரள். 1924 பிப்ரவரியில் ஹபிள் இதனைக் கடிதமாக ஷேப்லிக்கு எழுதினார். கடிதத்தைப் படித்த ஷேப்லி, தம் அண்டத்தை இக்கடிதம் அழித்துவிட்டது என்று அருகிலிருந்த இளம் ஆய்வாளரிடம் கூறினார். அவ்வண்டத்தை அழித்த அளவுகோல் அவர் தலைமையேற்றிருந்த அதே கட்டடத்தில், மணிக்கு 30 சென்ட் கூலிக்கு உருவானது. ஆந்திரோமேடாவின் தொலைவு 25 லட்சம் ஒளியாண்டுகள் என்பது இன்றைய கணக்கு.

1925இல் ஸ்வீடன் நாட்டுக் கணித அறிஞர் மிட்டாக்-லெஃப்ளர், நோபெல் பரிசுக்கு லெவிட்டைப் பரிந்துரைக்கும் எண்ணத்தோடு அவருக்கே கடிதம் எழுதினார். கடிதம் வந்தபோது பெறுநர் மறைந்து மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன.

திரும்பப் பெற்ற வாக்கியம்

ஷேப்லியின் அருகில் அன்று இருந்த இளம் ஆய்வாளர் செசிலியா பெய்ன். இங்கிலாந்தில் 1900இல் பிறந்து, அங்குள்ள கேம்பிரிட்ஜில் பயின்று, பெண்ணுக்கு அங்கே ஆய்வு வாழ்க்கை அமையாது என்று கண்டு 1923இல் ஹார்வர்டுக்கு வந்தவர். கேனன் வகைப்படுத்திய நிறமாலைகள் அவருக்கு முன்னே குவிந்து கிடந்தன. பொருள் காணும் இலக்கணம் ஒன்று தேவைப்பட்டது. அதனைத் தந்தது கொல்கத்தா. மேகநாத் சாகா 1920இல் வெளியிட்ட சமன்பாடு, வெப்பம் உயர உயர அணுக்கள் எவ்வாறு மின்னணுக்களை இழக்கின்றன என்பதைக் கணக்கிட்டுச் சொன்னது. அதன்படி, நிறமாலையில் ஒரு தனிமத்தின் வரி வலுவாகத் தெரிவதும் மங்குவதும் அத்தனிமத்தின் அளவை மட்டும் பொறுத்தவை அல்ல, வெப்பத்தையும் பொறுத்தவை. கேனனின் எழுத்து வரிசை உண்மையில் வெப்ப வரிசை என்பது தெளிவாயிற்று.

பெய்ன் கணக்கைத் தொடர்ந்தார். சிலிக்கன், கார்பன், இரும்பு முதலானவை விண்மீன்களிலும் மண்ணுலகில் உள்ள விகிதத்தையே ஒட்டியிருந்தன. இரண்டு தனிமங்கள் மட்டும் எல்லை கடந்து நின்றன: ஹைட்ரஜனும் ஹீலியமும். ஹைட்ரஜன், உலோகங்களைவிட ஏறத்தாழப் பத்து லட்சம் மடங்கு மிகுந்திருந்தது. கதிரவனும் பூமியும் ஒரே பொருளால் ஆனவை என்று பெரியோர் நம்பிய காலம் அது. அத்துறையில் பெருமதிப்புப் பெற்றிருந்த பிரின்ஸ்டன் பேராசிரியர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல், ஆய்வேட்டின் படியைப் படித்து, இம்முடிவு நடக்கவே இயலாதது என்று எழுதினார். இருபத்து நான்கு அகவைப் பெண்ணால் அச்சொல்லை மீற இயலவில்லை. ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் கிடைத்த அந்தப் பேரளவு பெரும்பாலும் உண்மையாக இராது என்ற பொருள்பட ஒரு வாக்கியம் 1925இல் முடிந்த ஆய்வேட்டில் சேர்ந்தது.

ஹார்வர்டு பெண்களுக்குப் பட்டம் வழங்காததால், இணைந்திருந்த ராட்கிளிஃப் கல்லூரி முனைவர் பட்டம் தந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1929இல், ரஸ்ஸல் வேறு வழியில் கணக்கிட்டு அதே முடிவுக்கு வந்தார். பெய்னின் முடிவோடு தம் முடிவு ஒத்திருப்பதை அவர் மறைக்கவில்லை. எனினும் கண்டுபிடிப்பின் பெருமை நெடுங்காலம் அவருக்கே சேர்ந்தது. கதிரவனின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைட்ரஜன், எஞ்சியதில் பெரும்பங்கு ஹீலியம் என்பது இன்று பள்ளிப் பாடம்.

இங்கே எழுத்தாளர் எவரும் சற்று நின்று எண்ணத் தக்க செய்தி ஒன்றுண்டு. பெய்ன் வாக்கியத்தைத் திரும்பப் பெற்றார். அட்டவணையைத் திரும்பப் பெறவில்லை. தாம் கணித்த எண்களைப் பெரியவரின் கருத்துக்கு ஏற்பத் திருத்தியிருந்தால் உண்மை அந்த ஏட்டோடு புதைந்திருக்கும். எண்கள் அப்படியே அச்சேறின. அருகில் இருந்த மறுப்பு வாக்கியத்தை அவையே மறுத்துக்கொண்டு நின்றன. லெவிட்டின் அடக்கமான ஒற்றை வாக்கியமும் மோரியின் ‘சி’ என்னும் எழுத்தும் இவ்வகையினவே. பொருள் சொல்லும் உரிமை மறுக்கப்பட்ட இடத்திலும், கண்டதைக் கண்டவாறு பதிந்து வைக்கும் கடமையை இவர்கள் கைவிடவில்லை. உரிமை பிறகு வந்தது. பதிவு முன்பே இருந்ததால் வந்தது.

பெய்னின் வகுப்புகள் பல்கலைக்கழகப் பாடப்பட்டியலில் 1945 வரை இடம்பெறவில்லை. 1956இல் அவர் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் உயர்ந்தார். ஹார்வர்டில் ஒரு துறைக்குத் தலைமையேற்ற முதற் பெண்மணி. 1976இல் அமெரிக்க வானியல் கழகம் அவருக்கு அளித்த உயர்சிறப்பின் பெயர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் விரிவுரை. காலம் சில வேளைகளில் தானே அங்கதம் எழுதிவிடுகிறது.

சவ்வாது மலை வரை

இவ்வானாய்வகத்தின் ஒரு கிளை தமிழ் மண்ணையும் தொடுகிறது. சென்னையில் 1927இல் பிறந்த வைணு பாப்பு ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 1949இல், தகடொன்றில் புதிய வால்மீனைக் கண்டார். பாப்பு, போக், நியூகர்க் ஆகிய மூவர் பெயரால் அது வழங்குகிறது. 1952இல் அங்கு முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் ஓலின் வில்சனோடு இணைந்து, சிலவகை விண்மீன்களின் நிறமாலையில் கால்சிய ஒளிவரியின் அகலம் அவ்விண்மீனின் உண்மை ஒளியைக் காட்டும் என்று 1957இல் வெளியிட்டார். வரியின் அகலத்தை நின்று நோக்கிய மோரியின் பார்வை வேறொரு வரியில் மீண்டும் பயன் தந்தது எனலாம். தாயகம் திரும்பிய பாப்பு, 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் தலைமையை ஏற்று, சவ்வாது மலையின் காவலூரில் 1968இல் சிறு தொலைநோக்கியோடு புதிய நிலையத்தைத் தொடங்கினார். 1982இல் அவர் மறைந்தார். அவர் கனவாகிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் அவர் பெயரையே தாங்கி அங்கே கண்திறந்தது.

மூன்றாவது வினா கோள்களைப் பற்றியது. பெகாசஸ் விண்மீன் குழுவில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத விண்மீன் ஒன்று உண்டு, பெயர் எச்.டி. 209458. 1999இல் ஹார்வர்டின் ஆய்வு மாணவர் டேவிட் ஷார்போனோவும் உடனுழைத்தோரும் அதன் ஒளி மூன்றரை நாளுக்கு ஒருமுறை நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் மங்கி மீள்வதைக் கண்டனர். அதே காலத்தில் மற்றொரு குழுவும் தனியே அதனைக் கண்டது. விண்மீனின் முகத்தைக் குறுக்கிட்டு ஒரு கோள் கடந்து செல்கிறது. அவ்வாறு கடக்கும்போது கண்டறியப்பட்ட முதல் வேற்றுலகம் அது. அக்கோளின் காற்றுமண்டலத்தில் சோடியம் இருப்பதையும் ஷார்போனோ குழுவினரே பின்னர் அறிந்தனர். அவ்விண்மீனின் பெயரிலுள்ள எச்.டி. என்னும் எழுத்துகள் ஹென்றி டிரேப்பர் பட்டியலைக் குறிப்பன. கேனன் முதலிய பெண்கள் இட்ட 2,25,300 வரிசை எண்களுள் அதுவும் ஒன்று. அந்த எண்ணை எழுதிய நாளில், அவ்விண்மீனுக்கு ஒரு கோள் உண்டென்று எவருக்கும் தெரியாது.

மையும் வானமும்

இரவுதோறும் படமெடுக்கும் வழக்கம் 1950களில் செலவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டு, 1960களின் இறுதியில்தான் மீண்டும் தொடங்கியது. ஹார்வர்டுத் தகடுகள் காட்டும் நூற்றாண்டு வரலாற்றில் அந்த ஆண்டுகள் வெற்றிடமாக உள்ளன. அவ்விரவுகளை இனி எந்தக் கருவியும் திரும்ப எடுக்க இயலாது. சிதைந்த ஏட்டின் இடைவெளியைக் கண்டு நெஞ்சு பதைத்தவர்களுக்கு அவ்விழப்பின் ஆழம் விளங்கும்.

எஞ்சிய தகடுகளைக் கணினியில் ஏற்றும் பணி இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தொடங்கி 2024இல் நிறைவுற்றது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட தகடுகள் ஒளிவருடப்பட்டன. அப்பணியில் ஓர் இக்கட்டு எழுந்தது. ஒளிவருடும் கருவிக்குத் தகட்டின் இருபுறமும் தூய்மையாக இருக்க வேண்டும். மறுபக்கத்து மைக்குறிகள் புள்ளிகளை மறைக்கும். வானத்தைக் காக்க வேண்டுமானால் மையைத் துடைக்க வேண்டும். மூலத்தைக் காப்பதற்கு உரையை அழிக்க வேண்டிய நிலை. மைக்குறிகளை முதலில் படமெடுத்து வைத்து, பின்னர் துடைத்தனர். அப்பெண்களின் குறிப்பேடுகளும் தனியே படியெடுக்கப்பட்டன. எங்கெங்கோ உள்ள தன்னார்வலர்கள் அவற்றின் கையெழுத்தைப் படித்து அச்செழுத்தில் பெயர்த்தனர். உரைக்கும் உரை எழுதுவோர் வேண்டியிருந்தது.

துடைத்தது சரியா என்னும் வினாவுக்கு இருதரப்பிலும் நியாயம் உண்டு. அறிவியலாருக்கு வேண்டியது புள்ளி. வரலாற்றாளருக்கு வேண்டியது, அப்புள்ளியைச் சுற்றி ஒரு கை வட்டமிட்டபோது சற்றே நடுங்கிய கோடு. ஆனால் மெகல்லன் முகிலின் ஆயிரமாயிரம் புள்ளிகளிடையே இன்ன புள்ளியைப் பார் என்று அவ்வட்டம் சொல்லியிராவிட்டால், அப்புள்ளி புள்ளியாகவே கிடந்திருக்கும். மை இன்று கண்ணாடியில் இல்லை. அது காட்டிய தொலைவுகள் வானத்தில் இருக்கின்றன.

கவிஞர் பெருமக்களே, ஓர் இலக்கிய வட்டத்தில் எல்லோரும் மூலம் படைப்பதில்லை. சிலர் கேட்கிறார்கள், சிலர் ஒப்புநோக்குகிறார்கள், சிலர் இவ்வரி கவனிக்கத் தக்கது என்று ஏட்டின் ஓரத்தில் சிறு குறி இட்டு வைக்கிறார்கள். அக்குறியின் பொருள் இட்டவருக்கே தெரியாமல் இருக்கலாம். அவையின் பெரியவர் அதனை இயலாதது என்று தள்ளவும் கூடும். பெரியவருக்கு அஞ்சி வாக்கியத்தை மாற்றினாலும், கண்டதை மாற்றாதிருந்தால் போதும். பிந்தி வரும் வாசகர் ஒருவர் அந்த இடத்தில் விரலை வைத்து நிற்பார்.